மீனம்பாக்கத்திலிருந்து சேலத்துக்கு எத்தனை மைல்

தேவானந்தம் பொய் சொல்லமாட்டார். விழுப்புரம் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், மூட்டையின் எடையைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சிய வியாபாரிகள் எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனார்கள். அப்படித் திட்டு வாங்குவதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. சட்டைக் காலரின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்கிற மனிதர். வாழ்க்கையில் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் அவருக்கு. ஒழுங்குக்கு வராதது ஒன்றே ஒன்றுதான், அவருடைய ஒரே மகன் தயாளன்.

தயாளன் பி.யு.சி.யில் இரண்டு முறை தோற்றான். மூன்றாவது முறை எழுதச் சொன்னபோது, "என்னால முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, நண்பன் ஒருவனுடைய சித்தப்பாவைப் பிடித்துச் சேலத்துக்குப் போய்விட்டான். அங்கே ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவைத்து, மாவை உருட்டி வறுத்து, களத்தில் காயப்போடுவார்கள். முதலில் களத்தில் ஜவ்வரிசியைக் கிண்டிவிடும் வேலை பார்த்தான். பிறகு களத்துக்கே மேஸ்திரியானான். ஊருக்கு வரும்போது அவன் சட்டையிலிருந்து புளித்த கிழங்கு வாசனை வரும். அவனுக்கு அது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

விழுப்புரத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதனால் 1971இல் தாம்பரத்துக்கு மாற்றல் வந்தபோது, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது தேவானந்தத்துக்கு. புது ஊர், புதுத் திருச்சபை, தயாளனை ஒருமுறைகூடப் பார்க்காத மனிதர்கள்.

அந்தச் சபைக்கு அவர் போன முதல் ஞாயிற்றுக்கிழமையில்தான் எல்லாம் தொடங்கியது. ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது பலரும் வந்து பேசினார்கள். ஒருவர் மகள் லண்டனில் நர்ஸ். இன்னொருவர் மருமகன் கோலாலம்பூரில். உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்தும் ரத்தினபாய் டீச்சர், ஞாயிறு பள்ளியும் அவர் பொறுப்புதான், கணீரென்ற குரலில் கேட்டார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை, சார்?"

"ஒரே பையன். சேலத்துல இருக்கான்."

"சேலமா! எந்தச் சேலம், சார்? அமெரிக்கா சேலமா?"

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு போதகர், தம் ஊர்ப் படங்களைச் சுவரில் பெரிதாக விழவைத்துக் காட்டியிருந்தார். அவர் ஊரின் பெயரும் சேலம். ஆரிகன் என்ற மாநிலத்தில் இருக்கிறதாம். வேதத்தில் சாலேம் என்று ஒரு ஊர், ஆத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சேலம், இப்போது அமெரிக்காவிலும் ஒன்றா என்று சபையே வாரம் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. டீச்சர் வாயில் அது தானாக வந்துவிட்டது.

இது எதுவும் தேவானந்தத்துக்குத் தெரியாது. ஆனால் அமெரிக்கா என்ற சொல்லைக் கேட்டதும் சுற்றியிருந்த முகங்கள் தன் பக்கம் திரும்பியதை அவர் பார்த்தார். 'இல்லை' என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தன் குடை எங்கே என்று தேட ஆரம்பித்தார். குடை கிடைப்பதற்குள் டீச்சர் நாலு பேரிடம் சொல்லி முடித்துவிட்டார். அடுத்த வாரம் ஜெபத்தில், "கடல் கடந்து வாழும் எங்கள் பிள்ளைகளோடு மகன் தயாளனையும் காத்தருளும்" என்று போதகர் வேண்டிக்கொண்டார். தேவானந்தம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் விசேஷம்.

"அங்க குளிர் எப்படி, சார்?" என்று கேட்பார்கள்.

"மார்கழியில ராத்திரியில கொஞ்சம் குளிரும்னு எழுதுவான்."

"சாப்பாடு ஒத்துக்குதா?"

"ஆரம்பத்துல கஷ்டப்பட்டான். இப்ப பழகிடுச்சு."

"என்ன வேலைல இருக்காப்ல?"

"உணவுப் பொருள் தயாரிக்கிற கம்பெனி. கீழே பத்துப் பதினஞ்சு பேர் இருக்காங்க."

ஒவ்வொரு பதிலும் சத்தியம். தராசில் வைத்தாலும் முள் அசையாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி சாராள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்பார்.

"இல்லியே. நீங்க எங்க சொன்னீங்க? அவங்களாத்தானே நெனச்சுக்கறாங்க," என்பாள் சாராள். "பெத்த பிள்ளையக் கடல்ல தூக்கிப் போட்டுட்டு, கை நனையலைன்னு நிக்கிறீங்க."

"நேரம் பாத்துச் சொல்லிடறேன்."

"என்கிட்ட யாராச்சும் நேராக் கேட்டா நான் சொல்லிடுவேன். அவ்வளவுதான்."

அவளிடம் யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அப்பாவிடம்தானே கேட்பார்கள்.

மறு வருஷம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. கோயில் வளாகத்தில் பந்தல், ஒரு பக்கம் காய்கறி ஏலம், ஒரு பக்கம் பலகாரக் கடை. வருஷா வருஷம் ஒரு பெரிய கேக்கை வைத்து, அதன் எடையைச் சரியாகச் சொல்கிறவர்களுக்கு அந்தக் கேக்கையே கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் ரத்தினபாய் டீச்சருக்கு ஒரு புது யோசனை.

"எடையெல்லாம் பழசு, சார். பிள்ளைங்க அறிவு வளரணும். மீனம்பாக்கத்துலேர்ந்து சேலத்துக்கு நேராப் பறந்தா எத்தனை மைல்? இதுதான் கேள்வி. கேக்கை உங்க கையாலதான் குடுக்கணும்."

"நான் எதுக்கு, டீச்சர்? போதகர் ஐயா குடுக்கட்டுமே."

"உங்க மகன் ஊரு, சார்! வேற யார் குடுக்கறது?"

டீச்சர் பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தார். சென்னையில் ஒரு குண்டூசி, அமெரிக்காவின் மேற்குக் கரை ஓரமாக ஒரு குண்டூசி, நடுவில் சிவப்பு நூல். அது ஐரோப்பா பக்கமே போகவில்லை. நேரே வடக்கே ஏறிச் சீனா மேலும் ருஷ்யா மேலும் போய் அந்தப் பக்கம் இறங்கியது. பக்கத்தில் கரும்பலகை. நாலணா கொடுத்துவிட்டுத் தங்கள் கணக்கைச் சொன்னால் பெயரோடு அதில் எழுதுவார்.

மீனம்பாக்கத்தில் டாக்சி ஓட்டும் சின்னப்பன் உருண்டையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னா டீச்சர், நூலு சைனா மேல போவுது? சுட்டுட மாட்டான்?"

"நேர்கோட்டுத் தூரம் மட்டுந்தாம்ப்பா. சண்டையெல்லாம் கணக்குல இல்ல."

"நான் டெய்லி பிளேன் பாக்குற ஆளு. எழுதிக்கோ, எட்டாயிரம்."

"அதெப்படி அவ்வளவு உறுதியா?"

"பஸ்ட்டு பிளேன்லேர்ந்து எறங்கறவன் மூஞ்சப் பாத்தாலே தெரியும் டீச்சர், எத்தினி மைல் பேஜாராயி வந்துக்கிறான்னு."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது தேவானந்தம் வளாகத்து வாசலைப் பார்த்தார். தோளில் ஒரு துணிப்பையோடு தயாளன் உள்ளே வந்துகொண்டிருந்தான்.

வருவதாக அவன் எழுதவில்லை. மாற்றலுக்குப் பிறகு அவன் தாம்பரத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. பண்டிகை என்று அம்மா எப்போதோ எழுதியிருந்தாள். ஆலையில் இரண்டு நாள் லீவு கிடைத்ததும் ராத்திரி ரயிலில் ஏறிவிட்டான். வீடு பூட்டியிருந்ததால் நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டான். கூட்டத்தில் அப்பாவைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. பையிலிருந்து இரண்டு படி ஜவ்வரிசியை வெளியே எடுத்தபடியே வந்தான்.

"வாங்க தம்பி," என்றார் ரத்தினபாய் டீச்சர், புது முகத்தைப் பார்த்து. பிறகு தேவானந்தத்திடம் திரும்பி, "உங்களைத்தான் பாத்து வராரு. யாரு, சார்?" என்றார்.

தேடுவதற்குக் குடை இல்லை. சின்னப்பன் பார்த்தான். போதகர் பார்த்தார். கரும்பலகையில் கொட்டை எழுத்தில் 'சேலம்' என்று எழுதியிருந்தது.

"என் சம்சாரத்தோட அண்ணன் மகன்," என்றார் தேவானந்தம்.

அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. சொல்லி முடித்த பிறகுதான் மகன் முகத்தைப் பார்த்தார். தயாளனுக்குப் புரியவில்லை. கரும்பலகையைப் பார்த்தான், உருண்டையைப் பார்த்தான், நூலின் மறுமுனையைப் பார்த்தான். மேஜையில் ஒட்டியிருந்த தாளில், 'நம் சபை மகன் தயாளன் வாழும் ஊர்' என்று டீச்சர் அழகாக எழுதி வைத்திருந்தார். அதையும் படித்தான். பிறகு ஜவ்வரிசியை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"பேரென்ன தம்பி?"

"சத்தியநாதன்ங்க," என்றான். அது உண்மையிலேயே அவன் தாய்மாமன் மகனின் பெயர். பிறகு அப்பாவைப் பார்த்து, "நல்லாயிருக்கீங்களா, மாமா?" என்று கேட்டான்.

காதில் ஈயத்தை ஊற்றினதுபோல் இருந்தது தேவானந்தத்துக்கு. "ம்," என்றார்.

அந்த நேரம் பலகாரக் கடையிலிருந்து சாராள் ஒரு தட்டில் டீயோடு வந்தாள். மகனைப் பார்த்ததும் அவள் வாய் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

"சாராளம்மா, உங்க அண்ணன் மகன் வந்திருக்காரு பாருங்க! தம்பி, அத்தை கையால டீ குடிங்க. அடேயப்பா, அப்படியே உங்க ஜாடை!"

சாராள் கணவனைப் பார்த்தாள். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணில் நீர் முட்டியது. யாராவது நேராகக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்றவள்தான். ஆனால் மகன் இலேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்பதுபோல.

"இருக்கும் டீச்சர்," என்றாள். "எனக்குப் பிள்ளை மாதிரிதான்." டீயை நீட்டினாள். "சூடு. பாத்துப் பிடி."

தயாளன் டீயைக் குடித்தான். அத்தை என்றும் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து நாலணாவை எடுத்து டீச்சரிடம் கொடுத்தான்.

"நானும் ஒண்ணு சொல்லட்டுங்களா? சேலத்துக்கு நேராப் பறந்தா, நூத்தியெண்பது மைல் இருக்கும்."

டீச்சர் சாக்பீஸோடு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி எழுதினார், 'சத்தியநாதன், 180.' கூட்டம் ஓவென்று சிரித்தது.

"இன்னா நைனா, பஸ்ல போறியா?" என்றான் சின்னப்பன். "ஏற்காட்டாண்ட எறங்கிடு. அமெரிக்காக்காரன் கீழ நிப்பான்!"

"பூகோளப் பாடத்துல தம்பி பெஞ்சுமேல நின்னிருப்பாரு போல," என்றார் டீச்சர்.

தயாளனும் சிரித்தான். எல்லோரும் தேவானந்தத்தைப் பார்த்தார்கள், இந்த வேடிக்கையில் அவர் என்ன சொல்கிறார் என்று. அவரும் சிரித்தார். பெரிதாகவே சிரித்தார். "இந்தக் காலத்துப் பசங்க!" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் டீச்சர் விடையைச் சொன்னார். நூலைப் போட்டு அளந்தால் எட்டாயிரத்துச் சொச்சம் மைல். சின்னப்பனுக்குத்தான் கேக். தேவானந்தம் தம் கையால் எடுத்துக் கொடுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். தயாளனும் பந்தல் காலில் சாய்ந்து நின்றபடி கைதட்டினான்.

இரண்டு நாள் தங்க வந்தவன் அன்று மாலையே கிளம்பினான். களத்தில் ஆள் இல்லை என்று அம்மாவிடம் சொன்னான். சாராள் அவனோடு தெருமுனை வரை வந்துவிட்டு, "நீங்க போய் ரயில் ஏத்திட்டு வாங்க," என்று கணவனிடம் சொன்னாள். அன்று முழுக்க அவள் அவரிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

இருவரும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் போய், எதிரே சென்ட்ரலில் சேலம் வண்டியைப் பிடிக்க வேண்டும். வழியில் தேவானந்தம் இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமினார்.

"காலையில சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"மில்லுல சம்பளம் ஏத்துறதாச் சொன்னாங்களே?"

"ஏத்திட்டாங்க."

காலையில் பந்தலில் சொன்ன அந்த 'மாமா'வுக்குப் பிறகு அவன் தன்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

பிளாட்பாரத்தில் ரத்தினபாய் டீச்சர் நின்றிருந்தார். பண்டிகைக்கு வந்த தங்கையை மாம்பலத்துக்கு ரயிலேற்ற வந்திருந்தார்.

"சத்தியநாதன் தம்பி, அதுக்குள்ள ஊருக்கா?" என்றார். "கோவிச்சுக்காதீங்க தம்பி, நான் சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன். எந்த ஊரு உங்களுக்கு?"

தயாளன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டியது அவனல்ல.

"டீச்சர்," என்றார் தேவானந்தம். "இவன் பேரு சத்தியநாதன் இல்ல. தயாளன்."

"தயாளனா? உங்க பையன் பேருமில்ல தயாளன்?"

"அவன்தான் இவன்."

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயய்யோ, என்ன சார் இது! அமெரிக்காலேர்ந்து எப்ப வந்தாரு? இதுக்குத்தான் காலையில மறைச்சீங்களா, எங்களையெல்லாம் ஏமாத்திப் பாக்க?"

எவ்வளவு சொன்னாலும் அந்த அமெரிக்கா போகமாட்டேன் என்கிறதே என்று தேவானந்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்தச் சேலந்தான், டீச்சர். நம்ம சேலம். ஜவ்வரிசி மில்லுல இருக்கான். அமெரிக்காவுக்கெல்லாம் போனதே இல்ல. நான்தான்..."

ரயில் வந்து நின்றது. தயாளன் ஏறினான். டீச்சரின் தங்கையும் அதே பெட்டியில் ஏறினாள். வாசலில் நின்று தயாளன், "அம்மாவப் பாத்துக்குங்க," என்றான். ரயில் போய்விட்டது.

டீச்சர் போகிற ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கணீரென்ற குரல் பேசாமல் இருந்தது தேவானந்தத்துக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப அந்த நூத்தியெண்பது..." என்றார் கடைசியில். "அதுதானே சார் சரி? நான் பெஞ்சுமேல நிக்கவச்சுப் பேசினேன். தெரியாமப் பேசினேன்." புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆனா உங்களுக்குத் தெரியுமே. நீங்களும் சேந்து சிரிச்சீங்களே, சார்."

அவர் படியேறிப் போய்விட்டார். கூட வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

தேவானந்தம் அங்கேயே நின்றார். அடுத்த ரயில் வந்தது. ஏறுவது என்று அவர் முடிவெடுக்கவே இல்லை, கால்கள் ஏறிவிட்டன. குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. வெள்ளை வேட்டியும் பண்டிகைச் சட்டையுமாக, மேல் பொத்தான் போட்டபடியே உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவர்களுக்கெல்லாம் தன்னைப் பற்றித் தெரிந்துவிட்டதுபோல் கூசியது. யாரிடம் எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது? 'நான் ஒன்றும் சொல்லவில்லையே' என்ற வார்த்தைதான் ஒரு வருஷமாக அவருக்குக் கைகொடுத்தது. இன்று அதுவும் இல்லை.

சேலம் வண்டி சென்ட்ரலில் நின்றிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு பெட்டியில், ஜன்னலோரத்தில், தயாளன் பன்ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் தறி நெசவுக்கு நூல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் பெரியவர் ஒருவர், மூட்டைகளை இருக்கையெல்லாம் பரப்பி வைத்திருந்தார்.

தேவானந்தம் உள்ளே ஏறி நடையில் நின்றார். தயாளன் நிமிர்ந்து பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

வேர்த்து விறுவிறுத்து நின்ற மனிதரைப் பார்த்துப் பெரியவர் தயாளனிடம் கேட்டார், "யாரு தம்பி? உங்களுக்கு வேண்டியவரா?"

தயாளன் கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவரையே கேளுங்க," என்றான்.

பெரியவர் திரும்பினார். பெட்டியில் நாலைந்து பேர் திரும்பினார்கள். தேவானந்தத்துக்கு முகம் நெருப்பாக எரிந்தது.

"இவன் அப்பாங்க," என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னார். "நான் இவனோட அப்பா. ஜவ்வரிசி மில்லுல மேஸ்திரியா இருக்கான்."

"அப்படியா? உக்காருங்க," என்று சொல்லி, பெரியவர் ஒரு மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

கிடைத்த அந்த ஒரு சாண் இடத்தில் தேவானந்தம் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை. தயாளன் பன்ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவர் பக்கம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். அதைத் தின்ன அவருக்கு வெட்கமாக இருந்தது. வண்டி கிளம்ப விசில் ஊதும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.